உயிலில் நாம் பொருளாக இருந்த காலமும் உயில் எழுதும் காலமும்

தோழர்களே, உயில் என்றாலே அது பண்ணையார் வீட்டுச் சங்கதி, நமக்கென்ன என்று பலர் கேட்கிறார்கள். கம்பைநல்லூர் சுற்றுவட்டாரச் சேரிகளிலும் இதே கேள்விதான். இரண்டு ஏக்கர் புஞ்சைக்கும் மூன்று சென்ட் மனைக்கும் உயில் எதற்கு? இதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது.

‘மிராசு’ என்ற சொல்லின் பொருளே பரம்பரைச் சொத்து என்பதுதான். ‘வாரிசு’ என்ற சொல்லும் அதே அரபு வேரிலிருந்து வந்தது. ஆக, மிராசுதார் என்றால் வாரிசுரிமை உள்ளவர். நம் முன்னோர் வாரிசுகளாக இல்லை, சொத்தாக இருந்தார்கள். நிலத்தை விற்கும்போதும் அடமானம் வைக்கும்போதும் பண்ணையாளையும் சேர்த்து எழுதிய பத்திரங்கள் சென்னை மாகாணத்தில் இருந்தன. 1843-இன் 5-ஆம் சட்டம்தான் மனிதரை அடிமைச் சொத்தாகக் கோரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்றது. அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்தால்.

நம் பகுதியைப் பாருங்கள். 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகாலைப் பெற்றது கம்பெனி. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழவர் பெயரில் நேரடியாக வரி விதிக்கும் ரயத்துவாரி முறையை இங்கேதான் தொடங்கினார்கள். பட்டா யார் பெயரிலோ அவருக்கே நிலம். ஏட்டில் பெயர் ஏறாத கூலியாளுக்கு, தலைமுறை தலைமுறையாக உழுதும் பிள்ளைக்கு விட்டுச்செல்ல ஒன்றுமில்லை.

1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். அதையொட்டி 1892 செப்டம்பர் 30-இல் வந்த அரசாணை 1010-தான் பஞ்சமி நிலத்துக்கு வழிவிட்டது. பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் கொடுக்கவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. பிள்ளைகளுக்குப் போகலாம், பிறசாதிக்குப் போகக் கூடாது. நம் மக்களுக்கு அரசு தந்த வாரிசுரிமை இது.

அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை. கடனுக்கும் மிரட்டலுக்கும் கைரேகைக்கும் போய்விட்டது. மீட்கக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது துப்பாக்கிச் சூடு. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

நிலம் போவதற்கு இன்னொரு வழியும் உண்டு, அது சத்தமில்லாத வழி. தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும். வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருக்க மாட்டார்கள், உட்பிரிவு செய்திருக்க மாட்டார்கள். பங்காளிகளில் ஒருவரை மட்டும் பிடித்துக் கையெழுத்து வாங்குவது வெளியாளுக்கு எளிது. மற்றவர்கள் நீதிமன்றம் போனால் வழக்குச் செலவே நிலத்தின் விலையை விழுங்கிவிடும்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் உயில். எழுதியவர் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து பெறுபவர் சாட்சியாக இல்லாமலிருப்பது நல்லது. முத்திரைத்தாள் தேவையில்லை. உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்யுங்கள் என்றே நாம் சொல்கிறோம். 2012 நவம்பர் 7 அன்று நம் தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி சேரிகள் எரிக்கப்பட்டபோது 200-க்கும் மேற்பட்ட வீடுகளோடு சான்றிதழ்களும் ஆவணங்களும் சாம்பலாயின. வீட்டுப் பெட்டி எரியும். சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் ஏறிய உயிலுக்கு நகல் கிடைக்கும்.

அந்தத் தீ ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து மூட்டப்பட்டது. “சாதி விட்டுப் போனால் சொத்தில்லை” என்று மிரட்டுபவர்களுக்கு 1850-இலேயே பதில் சொல்லியாயிற்று. சாதியிலிருந்து நீக்கப்பட்டதால் வாரிசுரிமை போகாது என்றது அந்த ஆண்டின் 21-ஆம் சட்டம். ஆனால் தான் சம்பாதித்த சொத்தை உயில் மூலம் யாருக்கும் எழுத அப்பனுக்கு உரிமை உண்டு. மகளை ஒதுக்கவும் உயில் பயன்படும், மகளைக் காக்கவும் பயன்படும்.

பெண்களின் சொத்துரிமைக்காகப் போராடிய அண்ணல் அம்பேத்கர், இந்து சட்டத் தொகுப்பு முடக்கப்பட்டதால் 1951-இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது, அன்று மணமாகியிருந்த மகள்களை விட்டுவிட்டு. 2005-இன் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. சாதி ஒழிப்பு பேசும் நம் வீட்டு உயிலில் மகள் பெயர் இல்லையென்றால் நாம் யாருடைய வழியில் நடக்கிறோம்?

இயக்கங்களுக்கும் ஒரு சொல். படிப்பகம் கட்டிய மனை ஒரு தோழரின் பெயரில் இருந்தால், அவர் காலத்துக்குப் பின் அது அவருடைய வாரிசுகளின் சொத்து. பொதுச்சொத்தாக நிலைக்க, அவர் இருக்கும்போதே அறக்கட்டளைப் பத்திரம் பதிந்துகொள்ளுங்கள். மனை பஞ்சமி நிலமானால் முதலில் பட்டா நிபந்தனையை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

மாணவத் தோழர்களே, இந்த விடுமுறையில் வீட்டுப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். அது யார் பெயரில் இருக்கிறது, டி.சி. நிலமா, வில்லங்கம் உண்டா என்று எழுதி வையுங்கள். பிறகு பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். பத்திரத்தில் பண்டமாக எழுதப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இனி நம் பத்திரத்தை நாமே எழுதுவோம்.

ஜெய் பீம்!