வாவியும் வானொலியும்

மட்டக்களப்பு வாவியின் மீனிசையைக் கேட்க விழைவோர் நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியிற் சென்று, துடுப்பை நீரில் ஊன்றி, அதன் நுனியிற் செவியை வைப்பர். அவ்விசை வாவியைத் தாண்டுவதில்லை. கொழும்பில் எழுந்த இசையோ கடல் கடந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படைவீரருக்கென அமைந்த சிற்றலை நிலையம் 1949 இல் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. போருக்கென வந்த கருவி பாட்டுக்குப் பயன்பட்டது! 1952 இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியிலே திரைப்பாடல்களை ஒதுக்கினார். தமிழகத்து நேயரோ தம் நாட்டுப் பாடலை ஈழத்திலிருந்து கேட்கலாயினர். மதுரையிலும் மட்டக்களப்பிலும் ஒரே நிலையத்தின் குரல் ஒலித்தது; இந்திய வணிகரின் விளம்பரப் பணமும் கொழும்பை அடைந்தது. செவிச்சுவையை ஆணையால் திருத்த முயன்ற புதுடில்லி, 1957 ஒக்டோபர் 3 ஆம் நாள் விவித பாரதியைத் தொடங்கி, ஒதுக்கிய பாடல்களைத் தானே ஒலிபரப்பிற்று.