காவற்காடும் மிதிவெடியும்

பண்டைத் தமிழர் அரணுக்குப் புறத்தே காவற்காடு அமைத்தனர். இலக்கியங்கள் அதனை மிளை என்னும். பகைவனின் விரைவைத் தடுத்தலும், தடைப்பட்டு நின்றவனை மறைவிலிருந்து தாக்க இடமளித்தலும் அதன் பயன்களாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையுமில்லை, பெருங்காடுமில்லை. பனங்கூடலும் வடலியும் பற்றைக்காடுமே உள. எனினும் அண்மைக்காலப் போரில் இவையே காவற்காடாயின.

1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படை யாழ் நகரை நோக்கிப் பல வழிகளால் முன்னேறியபோது இவ்வுண்மை புலப்பட்டது. தெருக்களிற் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகள் வாகனங்களை நிறுத்தின. மரங்களிலும் வீடுகளிலும் பதுங்கியிருந்த விடுதலைப் புலிகளின் குறிசூட்டாளர் இறங்கி நடந்தோரை வீழ்த்தினர். தனித்து நிற்கும் வெடியைக் கண்டு அகற்றலாம். தனித்து நிற்கும் துவக்குக்காரனைச் சூழ்ந்து பிடிக்கலாம். இரண்டும் இணைந்தவிடத்து, வெடியை அகற்றக் குனிபவனே குறியாகின்றான். ஏறக்குறைய இருவாரப் போரின் பின்னரே நகர் வீழ்ந்தது.

இம்முறை முழுவளர்ச்சி பெற்றது முகமாலையிலாகும். 2000 ஏப்பிரிலில் ஆனையிறவு புலிகள் வசமாயிற்று. அவ்வாண்டின் இறுதியளவில் முன்னரங்கு கிளாலி, முகமாலை, நாகர்கோவில் ஆகிய ஊர்களூடாக, கடனீரேரி முதல் கீழைக்கடல் வரை நிலைத்தது. நிலத்தின் ஒடுக்கம் சுற்றிவளைத்தலுக்கு இடந்தரவில்லை. இருதரப்பாரும் பனங்குற்றிகளாற் காவலரண் கட்டி, மண்ணணை எழுப்பி, இடைப்பட்ட சூனியப் பிரதேசத்தில் மிதிவெடிகளைப் புதைத்தனர். 2001 ஏப்பிரில் இறுதியில் இலங்கை இராணுவம் தொடங்கிய ‘அக்கினிக்கீல’ என்னும் படையெடுப்பு மிதிவெடிகளுக்கும் எறிகணைகளுக்கும் இடையே சிக்கிச் சில நாள்களிற் கைவிடப்பட்டது. 2006 ஒக்டோபர் 11இலும் அங்கு முன்னேறிய இராணுவம் நூற்றுக்கு மேற்பட்டோரை இழந்து திரும்பியது.

2009 சனவரியில் அவ்வரங்கு நீங்கிற்று. குறிசூட்டாளர் துவக்கோடு அகன்றனர், மிதிவெடி அகலவில்லை. பிளாத்திக்கு உறையுடைய வெடிகளில் உலோகம் மிகக் குறைவாதலின் கருவிக்கும் அவை எளிதிற் புலப்படா. ஆகவே முகமாலையில் மண்ணை வாரியால் அங்குலம் அங்குலமாகக் கிளறவேண்டியதாயிற்று. அப்பணியில் ஈடுபட்டோருட் பெண்கள் பலர். போரிற் கணவரை இழந்தோரும் அவருள் உளர். இலங்கை 2017 திசெம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தபோதும் அப்பணி முடிந்திருக்கவில்லை.

மிளை ஊரைக் காத்தது. போர் ஓய்ந்தபின் ஊரவர்க்கு விறகும் நிழலும் தந்தது. மிதிவெடியோ ஊரவரையே ஊருக்குப் புறத்தே நிறுத்தியது. ஓர் அரணின் பயனை அளப்போர், பகைவன் தாமதித்த நாள்களோடு உழவன் காத்திருந்த ஆண்டுகளையும் சேர்த்தெண்ணுதல் கடனாகும்.