எகிப்தின் கடனும் பிரதிநிதி சபையும்

அமெரிக்க உள்நாட்டுப் போரினால் இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்காமற்போய், நைல் நதிக்கரைப் பருத்தி பொன்னாக விலைபோன 1863-ல் எகிப்தின் அதிபதியான இஸ்மாயில் பாஷா, ரயில் பாதைகளுக்கும் வாய்க்கால்களுக்கும் மாளிகைகளுக்குமாக ஐரோப்பிய வங்கிகளிடம் வாங்கிய கடன், போர் ஓய்ந்து பருத்தி விலை சரிந்த பின்னும் பெருகிக்கொண்டே சென்றது. சூயஸ் கால்வாயில் தமக்கிருந்த பங்குகளை 1875-ல் ஏறக்குறைய 40 லட்சம் பவுனுக்குப் பிரிட்டிஷ் சர்க்காரிடம் விற்றும் பாரம் தீராமல், மறு ஆண்டில் அவர் தவணை செலுத்த வகையற்று நின்றபோது, கடன் கொடுத்தோரின் நலனைக் காக்கப் பொதுக்கடன் ஸ்தாபனம் ஒன்று கெய்ரோவில் நிறுவப்பட்டது. நாட்டின் வரவைக் கண்காணிக்க ஓர் ஆங்கிலேயரும், செலவைக் கண்காணிக்க ஒரு பிரெஞ்சுக்காரரும் நியமனம் பெற்றார்கள்.

நைலின் வெள்ளம் பொய்த்து மேல் எகிப்தில் பஞ்சம் தலைகாட்டிய 1878-லும், அறுவடைக்கு முன்னரே குடியானவர்களிடம் வரி வசூலித்து, வட்டித் தவணை முழுமையாகச் செலுத்தப்பட்டது. தம் மந்திரி சபையில் புகுத்தப்பட்ட ஐரோப்பிய மந்திரிகளை அகற்றத் துணிந்த இஸ்மாயிலை, வல்லரசுகளின் வற்புறுத்தலுக்கிணங்கி, எகிப்தின் மேலாட்சியாளரான துருக்கி சுல்தான் 1879-ல் பதவியினின்றும் நீக்கினார். 1880-ல் பிறந்த சட்டமோ தேச வருமானத்தில் ஏறக்குறையப் பாதியைக் கடனுக்கென்றே ஒதுக்கிவிட்டது.

குடியானவர் குடும்பத்தில் பிறந்த கர்னல் அஹ்மத் உராபி, 1881 செப்டம்பரில் அப்தீன் அரண்மனையின் முன் படையோடு வந்து நின்று, பிரதிநிதி சபையைக் கூட்டுமாறு கோரியது இந்நிலையில்தான். கூடிய சபை கடனை மறுக்கவில்லை. கடனுக்குச் சென்றது போக எஞ்சிய பாதியை எவ்வாறு செலவிடுவது என்று வாக்களிக்கும் உரிமையையே வேண்டிற்று. இந்த மிதமான கோரிக்கையையும் ஏற்க லண்டனுக்கும் பாரிஸுக்கும் மனம் வரவில்லை. 1882 ஜூலை 11-ல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அலெக்ஸாந்திரியாவின் மீது குண்டு பொழிந்தன. செப்டம்பரில் தெல்-எல்-கபீரில் உராபியின் சேனை முறியடிக்கப்பட்டது. தற்காலிகமென்று சொல்லி நுழைந்த அந்நியப் படை அந்நாட்டு மண்ணைவிட்டு முற்றிலும் நீங்க 1956 ஆயிற்று.

இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட உராபி, தமிழறிஞர் சித்தி லெப்பை முதலியோரின் கல்விப் பணிக்கு ஊக்கமளித்தார். 1892-ல் கொழும்பு மருதானையில் தோன்றி, பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியின் வரலாற்றில் அவர் பெயர் நிலைத்திருக்கிறது.

கொடுத்த வாக்கைக் காப்பது தேசங்களுக்கும் தர்மமே. எகிப்தியர் அத்தர்மத்தினின்றும் வழுவவில்லை. ஆயினும், கடன் வாங்குகையில் குடிகளைக் கலந்துகொள்ளாமல், அதைத் தீர்க்கையில் மட்டும் அவர்களுடைய உழைப்பைக் கொண்டு, அவ்வுழைப்பின் எஞ்சிய பயனைப் பற்றிக்கூட அவர்கள் வாய் திறக்கலாகாதென்று விதிக்கும் ஏற்பாடு, எத்தனை ஒப்பந்தங்களால் அரண் செய்யப்பட்டிருப்பினும், நியாயமாகாது.