வெளிநாட்டு இன்டர்நேஷனல் ஸ்கூலில் டீச்சர் வேலை: ஏஜென்சியை நம்பலாமா? பணம் கட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

"துபாய் இன்டர்நேஷனல் ஸ்கூலுக்கு மேத்ஸ் டீச்சர் தேவை. தங்குமிடம், விமான டிக்கெட் இலவசம். இன்டர்வியூ இல்லை. பயோடேட்டாவை உடனே அனுப்பவும்."

டீச்சர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்களில் இப்படி ஒரு மெசேஜ் வராத மாதமே இல்லை எனலாம். தனியார் பள்ளியில் பத்து வருஷம் பாடம் நடத்தியும் சம்பளம் பெரிதாக ஏறாத ஒருவருக்கு, அந்த மெசேஜைப் பார்த்ததும் ஆசை வருவது இயல்புதான்.

இதில் உண்மையான வேலையும் உண்டு, நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பிறகு போன் எடுக்காத ஆளும் உண்டு. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒரு நல்ல ஏஜென்சி எப்படி வேலை செய்யும்? சட்டப்படி எவ்வளவு பணம் வாங்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், இன்டர்நேஷனல் ஸ்கூல் என்றால் எது?

இந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். நடைமுறையில் இரண்டு வகை இருக்கிறது.

ஒன்று, ஐபி, கேம்பிரிட்ஜ், பிரிட்டிஷ் அல்லது அமெரிக்கப் பாடத்திட்டம் நடத்தும் பள்ளிகள். இவை பெரும்பாலும் அந்தந்தப் பாடத்திட்டத்தில் அனுபவம் உள்ளவர்களையே தேடுகின்றன. பிரிட்டிஷ் பள்ளி என்றால் இங்கிலாந்து அரசு தரும் க்யூடிஎஸ் என்ற ஆசிரியர் தகுதியைக் கேட்பது வழக்கம்.

இன்னொன்று, வளைகுடா நாடுகளில் இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக நடக்கும் சிபிஎஸ்இ பள்ளிகள். பி.எட். முடித்த இந்திய ஆசிரியர்களுக்கு வாய்ப்பு அதிகம் இங்கேதான். ஆனால் இரண்டு வகைப் பள்ளிகளிலும் சம்பளம் ஒன்றாக இருக்காது. பிரிட்டிஷ் பள்ளியின் சம்பளத்தைச் சொல்லி, சிபிஎஸ்இ பள்ளிக்கு ஆள் எடுப்பது ஏஜென்ட்கள் சிலரின் பழைய டெக்னிக். அதனால் முதல் கேள்வியே "எந்த ஸ்கூல், எந்த சிலபஸ்?" என்பதாக இருக்கட்டும்.

ஏஜென்சிகள் எப்படி இயங்குகின்றன?

இந்தத் துறையில் மூன்று விதமான அமைப்புகள் இருக்கின்றன.

1. ஆசிரியர்களுக்கென்றே இயங்கும் சர்வதேச ஏஜென்சிகள். அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஸ்கூல்ஸ் சர்வீசஸ் 1955இல் தொடங்கியது. சர்ச் அசோசியேட்ஸும் இந்தத் துறையில் பல ஆண்டுகளாக இருக்கும் பெயர். இவற்றில் நீங்கள் விவரங்களைப் பதிவு செய்து, பழைய பிரின்சிபால்களின் பரிந்துரைகளை இணைத்து ஒரு ஃபைல் உருவாக்க வேண்டும். உறுப்பினராக உள்ள பள்ளிகள் அந்த ஃபைலைப் பார்த்து உங்களை அழைக்கும். ஓரிடத்தில் பல பள்ளிகளின் தலைவர்கள் உட்கார்ந்து நேர்காணல் நடத்தும் வேலைவாய்ப்பு முகாம்களும் உண்டு. இப்போது பெரும்பகுதி வீடியோ காலுக்கு மாறிவிட்டது.

2. வேலை விளம்பரத் தளங்கள். டெஸ், டீச் அவே, டீச்சர் ஹொரைசன்ஸ் போன்றவற்றை ஆசிரியர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். டெஸ் போன்ற தளத்தில் விளம்பரத்தைப் பார்த்து நீங்களே பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம்.

3. நம்ம ஊரில் அலுவலகம் வைத்திருக்கும் ஆட்சேர்ப்பு முகவர்கள். சென்னை, திருச்சி, கொச்சி, மும்பை போன்ற ஊர்களில் இருப்பவர்கள். இவர்களுக்குத்தான் இந்தியச் சட்டம் கடுமையான விதிகளை வைத்திருக்கிறது.

ஏஜென்சிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. முறையான ஏஜென்சிக்குப் பெரும்பகுதி பணம் கொடுப்பது பள்ளி. ஆசிரியரின் முதல் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கு, அல்லது ஒரு நிலையான தொகை என்று பள்ளியும் ஏஜென்சியும் பேசிக்கொள்ளும். சில சர்வதேச ஏஜென்சிகள் ஆசிரியரிடமும் பதிவுக் கட்டணம் வாங்குவது உண்டு. ஆனால் அந்தத் தொகை இணையதளத்திலேயே வெளிப்படையாக இருக்கும்.

பிரிட்டனில், வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடமே ஏஜென்சி கட்டணம் வாங்குவதற்கு 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021இல் வந்த தொழிலாளர் சட்டமும் ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்கிறது. ஆக, "விசா செலவு ரெண்டு லட்சம், நீங்கதான் கட்டணும்" என்று அமீரக வேலைக்கு யாராவது சொன்னால், அந்த நாட்டுச் சட்டத்துக்கே அது முரண்.

இந்தியாவில் சட்டப்படி எவ்வளவு வாங்கலாம்?

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு முதலாளிக்காக இந்தியாவில் ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய வெளியுறவுத்துறையின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். "நாங்க கன்சல்டன்சி மட்டும்தான்", "டிராவல்ஸ்தான்" என்று பெயரை மாற்றிக்கொண்டு பதிவில்லாமல் ஆள் எடுத்தாலும் அது சட்டவிரோதம்தான்.

பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி. கூட்டினால் 35,400 ரூபாய். இதற்கு ரசீது கொடுத்தாக வேண்டும்.

மீறினால் என்ன தண்டனை? 2 ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது 1983 சட்டம். லட்சக்கணக்கில் ஏமாற்றும் ஆளுக்கு அந்த அபராதம் ஒரு பொருட்டா? அதனால்தான் இத்தகைய புகார்களில் மோசடிப் பிரிவையும் சேர்த்து போலீஸ் வழக்குப் பதிகிறது. போன பணம் திரும்பி வருவது வேறு கதை. முன்கூட்டியே உஷாராக இருப்பதே லாபம்.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா? எப்படிப் பார்ப்பது?

வெளியுறவுத்துறையின் இ-மைக்ரேட் இணையதளத்துக்குப் போங்கள். முகவரி கவ் டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். ஒரே மாதிரி தோற்றத்தில் போலித் தளங்கள் உருவாக்குவது இப்போது சாதாரணம். அதில் பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் மாநில வாரியாக இருக்கும். பதிவில்லாமல் இயங்குவதாகப் புகார் வந்த ஏஜென்ட்களின் பட்டியலும் தனியாக உண்டு.

பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. பதிவு எண், முகவரி, பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என மூன்றையும் ஒப்பிடுங்கள். நல்ல பெயருள்ள ஒரு ஏஜென்சியின் எண்ணைத் திருடி விளம்பரத்தில் போடுவதும் நடக்கிறது. பட்டியலில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு நீங்களே போன் செய்து, "இந்த வேலைக்கு நீங்கதான் ஆள் எடுக்கறீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

தமிழக அரசுக்கே சொந்தமான அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. அதன் அறிவிப்புகளையும் அவ்வப்போது பார்த்து வரலாம்.

ஆசிரியர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல்

பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. ஆசிரியர்கள் எல்லாருமே பட்டதாரிகள் என்பதால் அவர்களும் இந்தப் பிரிவில்தான் வருவார்கள். கேட்க வசதியாக இருக்கிறது. ஆனால் இன்னொரு பக்கம் யோசியுங்கள். கட்டடத் தொழிலாளி வளைகுடாவுக்குப் போகும்போது, அவருடைய ஒப்பந்தம் அதிகாரியின் பார்வைக்குப் போகிறது. டீச்சரின் ஒப்பந்தத்தை அப்படி யாரும் பார்ப்பதில்லை. சரிபார்க்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது.

பள்ளி உண்மையானதா என்று கண்டுபிடிப்பது எப்படி?

* துபாயில் தனியார் பள்ளிகளைக் கண்காணிப்பது கேஎச்டிஏ என்ற அமைப்பு. அதன் தளத்தில் பள்ளிகளின் விவரமும் ஆய்வு அறிக்கைகளும் இருக்கின்றன. அபுதாபிக்கு அடெக் என்ற துறை.
* ஐபி பள்ளி என்று சொன்னால், ஐபி அமைப்பின் தளத்தில் பள்ளியின் பெயரைத் தேடலாம். கேம்பிரிட்ஜ் பள்ளிக்கும் இதே வசதி உண்டு. வெளிநாட்டு சிபிஎஸ்இ பள்ளிகளின் விவரத்தை சிபிஎஸ்இ தளத்தில் பார்க்கலாம்.
* பள்ளியின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து, அந்த வேலை காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஏஜென்ட் கொடுத்த எண்ணுக்கு அழைப்பதில் பயனில்லை.
* ஆஃபர் லெட்டர் ஜிமெயிலில் இருந்து வந்தால் சந்தேகப்படுங்கள். பள்ளிக்கென்று சொந்த மின்னஞ்சல் முகவரி இருக்கும்.

கேள்வி மேல் கேள்வி கேட்டால் நல்ல அறிகுறி

ஒரு ஏஜென்சி போலீஸ் சான்றிதழ் கேட்கிறது, மூன்று பழைய மேலதிகாரிகளிடம் ரகசியமாக விசாரிக்கிறது, இரண்டு வேலைகளுக்கு நடுவே ஆறு மாதம் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறது. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

வில்லியம் வாஹி என்ற அமெரிக்க ஆசிரியர், சிறுவர்கள் மீதான பாலியல் குற்றத்துக்காக இளம் வயதிலேயே தண்டிக்கப்பட்டவர். அது தெரியாமல் பல நாடுகளின் இன்டர்நேஷனல் ஸ்கூல்கள் அவரைப் பல பத்தாண்டுகள் வேலையில் வைத்திருந்தன. 2014இல் உண்மை வெளியே வந்தபோது பள்ளிகள் அதிர்ந்துபோயின. அதே ஆண்டு, பள்ளி அமைப்புகளும் ஏஜென்சிகளும் சேர்ந்து குழந்தைகள் பாதுகாப்புக்காக ஒரு சர்வதேசப் பணிக்குழுவை அமைத்தன. ஆள் எடுக்கும்போது பின்னணியைத் துருவிப் பார்க்கும் வழக்கம் அதன் பிறகு இறுகியது.

ஆகவே, இன்டர்வியூவே இல்லாமல், ஒரு பரிந்துரைகூடக் கேட்காமல் "செலக்ட் ஆயிட்டீங்க" என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். பிள்ளைகளை ஒப்படைக்கப் போகும் ஒருவரைப் பற்றி எதுவுமே கேட்காத பள்ளி, பள்ளியாக இருக்க வாய்ப்பு குறைவு.

எப்போது தேட ஆரம்பிக்க வேண்டும்?

பிரிட்டிஷ், அமெரிக்க, ஐபி பள்ளிகளில் பெரும்பாலும் கல்வியாண்டு ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில் தொடங்கும். ஆனால் ஆள் எடுப்பது முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பரிலேயே சூடு பிடித்து, ஜனவரி, பிப்ரவரியில் உச்சத்துக்குப் போகும். மே மாதம் விழித்துக்கொண்டால் மீதமிருக்கும் இடங்கள்தான் கிடைக்கும். வளைகுடாவின் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்குவதால், அவற்றுக்கு அதற்கு முந்தைய சில மாதங்கள்தான் சீசன்.

சான்றிதழ் வேலைக்கும் நேரம் ஒதுக்குங்கள். அமீரகத்துக்கு என்றால் பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவுத்துறை, அமீரகத் தூதரகம் என்று வரிசையாக அட்டெஸ்டேஷன் வேண்டும். சவூதி அரேபியா 2022 டிசம்பர் முதல் அப்போஸ்டில் முறையை ஏற்றுக்கொண்டுள்ளது. அஞ்சல்வழியில் பி.எட். முடித்தவர்கள், போக விரும்பும் நாட்டில் அது செல்லுமா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. ஒரிஜினல் சான்றிதழ்களை ஏஜென்ட்டிடம் "வச்சுக்கோங்க" என்று கொடுக்கவே கூடாது.

ஒப்பந்தத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

* அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு? அமீரகத்தில் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும்.
* வீடு தனியா, பகிர்ந்து தங்குவதா? பணமாகத் தந்தால் அந்த ஊர் வாடகைக்கு அது போதுமா?
* விமான டிக்கெட் வருஷா வருஷமா, ஒரே ஒரு முறையா? குடும்பத்துக்கும் உண்டா?
* உங்கள் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணத்தில் சலுகை எவ்வளவு? வளைகுடாவில் பள்ளிக் கட்டணம் சேமிப்பைத் தின்றுவிடும்.
* கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா?
* தகுதிகாண் காலம் எவ்வளவு? அமீரகச் சட்டப்படி 6 மாதத்துக்கு மேல் கூடாது.
* நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்?

பாஸ்போர்ட்டைப் பள்ளி வாங்கி வைத்துக்கொள்ளும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வளைகுடா நாடுகளின் சட்டங்களே அதை அனுமதிப்பதில்லை.

விசிட் விசாவில் போகலாமா?

கூடாது. "இப்போதைக்கு விசிட் விசாவில் வாங்க, அங்கே வந்ததும் மாத்திக்கலாம்" என்பதுதான் அதிகம் பேரைச் சிக்க வைத்த வாக்கியம். விசிட் விசாவில் வேலை செய்வது குற்றம். பிடிபட்டால் அபராதமும் நாடு கடத்தலும் உங்களுக்குத்தான், ஏஜென்ட்டுக்கு அல்ல. சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கவும் உங்கள் கையில் ஒப்பந்தம் இருக்காது. தாய்லாந்தில் வேலை என்று அழைத்துப் போய் மியான்மர், கம்போடியாவின் ஆன்லைன் மோசடிக் கும்பல்களிடம் ஒப்படைத்த சம்பவங்கள் பற்றி வெளியுறவுத்துறை 2022 முதல் எச்சரித்து வருகிறது. அதில் சிக்கியவர்கள் பலரும் படித்தவர்கள்தான்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

பணத்தை ஆன்லைனில் அனுப்பியிருந்தால், ஏமாந்தது தெரிந்த உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். ஏஜென்ட் மீது சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும், இ-மைக்ரேட் தளத்திலும், காவல்துறையிலும் புகார் தரலாம். வெளிநாட்டு வேலை பற்றிய சந்தேகங்களுக்கு வெளியுறவுத்துறையின் இலவச உதவி எண் 1800 11 3090. வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தை அணுகுங்கள், மதத் தளத்திலும் பதிவு செய்யுங்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல், ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம் எதையும் அழிக்காதீர்கள். கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

சுருக்கமாக

* ஏஜென்ட்டின் பதிவை இ-மைக்ரேட்டில் பாருங்கள்.
* 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டி சேவைக் கட்டணம் கேட்டால் விலகுங்கள்.
* பள்ளியிடம் நேரடியாகப் பேசாமல் பணம் கட்டாதீர்கள்.
* வேலை விசா கைக்கு வராமல், இருக்கும் வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் பலரும் தவறவிடுவது. வெளிநாட்டு வேலை கை நழுவிப் போனால் அடுத்த சீசனில் முயற்சி செய்யலாம். ஆனால் கல்வியாண்டின் நடுவில் இங்கே விட்டுப்போன வகுப்பு, திரும்பி வரும்போது உங்களுக்காகக் காத்திருக்காது.