வார்தலும் வடித்தலும்: மீட்டும் விரலின் வரலாறு

கிதார் கற்கத் தொடங்கும் எவரும் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வியில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். தந்தியை எதனால் மீட்டுவது? நகத்தாலா, விரல்நுனிச் சதையாலா, பிளெக்ட்ரம் என்கிற சிறு தகட்டாலா? மணிக்கட்டை எங்கே நிறுத்தினால் கை வலிக்காமல் ஒலியும் தெளிவாக வரும்? தாராபுரத்தில் என்னிடம் தமிழ் படிக்கும் மாணவர்கள் சிலர் விடுதி அறையில் கிதார் வைத்திருக்கிறார்கள். இக்கேள்விக்கான விடையை அவர்கள் கைப்பேசிக் காணொளிகளில் தேடுகிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அவர்கள் பாடமாகப் படிக்கும் நூல்களிலேயே இக்கேள்வி கேட்கப்பட்டு, விரல்விரலாகப் பிரித்து விடையும் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை அவர்கள் அறியார். சொல்லித்தர வேண்டிய நாமும் அப்பகுதிகளைத் தேர்வுக்கு வராதவை என்று தாண்டிப் போய்விடுகிறோம்.

பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் பாலை யாழை வருணிக்கும் இடம் புகழ்பெற்றது. வழிப்பறிக் கள்வரும் படைக்கலத்தை நழுவவிடும் இசை அது. அந்த இசையை எழுப்பிய கை என்ன செய்தது என்பதையும் புலவர் நான்கு வினைகளால் சொல்லிவிடுகிறார்: வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல். சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் மாதவி யாழைக் கையில் எடுக்கும்போது இந்த நான்கும் அதே வரிசையில் மீண்டும் வருகின்றன. அவற்றோடு உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என்னும் நான்கும் சேர்ந்து எட்டாகின்றன. இரு வேறு புலவர்கள், இரு வேறு காலங்கள்; சொற்களோ மாறவில்லை. இவை கவிஞரின் கற்பனைச் சொற்களாக இருக்க இயலாது. ஆசிரியர் மாணவருக்குச் சொல்லிக்கொடுத்த தொழிற்சொற்களாகவே இருந்திருக்க வேண்டும்.

அரும்பதவுரை இவற்றை விளக்கும் விதம் வியப்பளிப்பது. வார்தல் சுட்டுவிரலின் தொழில். வடித்தல் என்பது சுட்டுவிரலையும் பெருவிரலையும் கூட்டி நரம்பை உள்ளும் புறமும் தொட்டு ஆராய்தல். உறழ்தல் ஒரு நரம்பையோ இரண்டு நரம்புகளையோ இடையில் விட்டுத் தாவுதல். உருட்டலில் மட்டும் நான்கு வகை: இடக்கைச் சுட்டுவிரல் தனித்து உருட்டுவது, வலக்கைச் சுட்டுவிரல் தனித்து உருட்டுவது, சுட்டுவிரலும் பெருவிரலும் கூடி உருட்டுவது, இரு கைப் பெருவிரல்களும் ஒன்றாக இயைந்து உருட்டுவது. இன்றைய கிதார்ப் பாடநூல் பெருவிரலுக்கு ஓர் எழுத்து, சுட்டுவிரலுக்கு ஓர் எழுத்து என்று குறியிட்டுப் பயிற்சி தருகிறதல்லவா? ஏறத்தாழ அதே பகுப்புமுறை இது.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. இடக்கைச் சுட்டுவிரலும் மீட்டுகிறது. இரண்டு பெருவிரல்களும் சேர்ந்து மீட்டுகின்றன. வீணையிலோ கிதாரிலோ இது வழக்கமன்று. அங்கே இடக்கை தந்தியை அழுத்திச் சுரத்தைத் தீர்மானிக்கிறது, மீட்டுவது வலக்கை. இரு கையும் மீட்ட வேண்டுமானால் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி நரம்பு கொண்ட, வில்போல் வளைந்த கருவி வேண்டும். யாழ் வீணையின் மறுபெயரன்று, வேறு கருவி என்று விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த தம் யாழ்நூலில் விரிவாக நிறுவினார். அந்நூல் அரங்கேறிய சில வாரங்களில் அடிகள் மறைந்தார். உருட்டலின் இந்த நால்வகை அவர் முடிவுக்கு விரல்கள் சொல்லும் சாட்சியாக நிற்கிறது.

கை எங்கே இருக்க வேண்டும் என்பதையும் இளங்கோ விட்டுவைக்கவில்லை. வேனிற்காதையில் மாதவி யாழோடு அமரும் இடத்தில் வலக்கை பதாகை முத்திரையாக யாழின் கோட்டின்மீது படிகிறது. இடக்கையின் நான்கு விரல்கள் மாடகத்தைத் தழுவுகின்றன. கை முதலில் கருவியில் இளைப்பாற வேண்டும், பிறகே விரல் இயங்க வேண்டும் என்பது எந்தக் கிதார் ஆசிரியரும் முதல்நாள் சொல்லும் பாடம். விரலுக்கும் முன்னதாக நரம்பைக் கவனித்தது நம் மரபு. கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்று நரம்பின் குற்றங்கள் நான்கு. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையின் இசைப்போட்டிக்கு வரும் சீவகன் தன்னிடம் நீட்டப்பட்ட யாழ்களை ஆராய்ந்து, குற்றம் சொல்லி ஒதுக்குகிறான். வலி கையில் தெரியும். காரணம் கருவியில் இருக்கும்.

இந்த அறிவைக் காத்ததில் கொங்குநாட்டுக்குப் பெரும் பங்குண்டு. தாராபுரத்துக்கு வடக்கே, ஈரோடு மாவட்டத்து அறச்சலூர் மலைக்குகையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. தகர எழுத்துகள் ஐந்துக்கு ஐந்தாகக் கட்டமிட்டாற்போல் அமைந்து, எப்பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் தாளச் சொற்கட்டு அது. ஏறத்தாழ 1800 ஆண்டுப் பழமை உடையது. விசயமங்கலத்தோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் கொங்குவேளிர் பாடிய பெருங்கதையின் நாயகன் உதயணன், கோடபதி என்னும் யாழால் மதயானையை அடக்குபவன். வாசவதத்தைக்கு யாழாசிரியனாக அமர்பவன். தமிழ்க் காப்பியங்களில் யாழ் வகுப்பறையை இத்தனை விரிவாகக் காட்டியது ஒரு கொங்குக் கவி.

சிலம்புக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் நிரம்பையூரினர்; அவரும் கொங்குநாட்டவரே. இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் ஆகிய நூல்களைத் துணைக்கொண்டு உரை எழுதியதாக அவர் சொல்கிறார். கானல்வரிக்கு அவர் எழுதிய உரை நமக்குக் கிடைக்கவில்லை. மாதவியின் விரல்களை விளக்குவதற்கு அவரினும் தக்கவர் இல்லை; அந்தப் பகுதியே போயிற்று. அவர் குறித்த நூல்களுள் பஞ்சமரபு அழிந்தது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. அதன் ஏட்டைத் தேடிக் கண்டு 1973இல் பதிப்பித்த வே.ரா. தெய்வசிகாமணிக் கவுண்டரும் இம்மண்ணுக்குரியவர். அறச்சலூர்க் குகை தொடங்கி அவர் கண்ட ஏடு வரை இழை அறாமல் வந்திருக்கிறது. அதைப் போற்றுவதற்கு நமக்குத்தான் நேரமில்லை.

புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலைக் கல்வெட்டையும் இங்கே சேர்த்தெண்ண வேண்டும். ஏழாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அதில் சுரங்கள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டுள்ளன. தலைப்பில் வரும் 'பிரகாரம்' என்ற வடசொல் அடித்தலை, அதாவது தந்தியைத் தெறித்தலைக் குறிக்கும். நான்கு மீட்டுகள் கொண்ட அடைவுகள் என்று அதைக் கொள்ளலாம். பயிற்சிப் பாடத்தைப் பாறையில் பொறித்துவைத்த ஊர் உலகில் வேறெத்தனை இருக்கும்?

இவ்வளவு நுட்பம் பெற்ற யாழ் ஏன் மறைந்தது? பெரியபுராணம் சொல்லும் ஒரு நிகழ்ச்சி இதற்குக் குறிப்பாக உதவும். தருமபுரத்தில் (நம் தாராபுரம் அன்று) ஞானசம்பந்தர் பாடிய பதிகத்தை யாழில் அடக்க இயலாமல் திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் கருவியையே உடைக்க முற்பட்டார். அப்பதிகத்துக்கு யாழ்முறி என்றே பெயர். பக்தர்க்கு இது சம்பந்தரின் பெருமை. கருவிநூல் கற்பவர்க்கு இதில் மற்றொரு செய்தியும் உண்டு. நரம்புக்கு ஒரு சுரம் என்று நிற்கும் யாழில் குரலின் குழைவையும் அசைவையும் கொண்டுவருவது அரிது. இடக்கை தந்தியை இழுத்துக் கமகம் காட்டும் வீணைக்கு அது எளிது. எனவே இடக்கை மீட்டும் தொழிலை விட்டுக் குழைக்கும் தொழிலுக்குப் போயிற்று. மீட்டும் பொறுப்பு முழுதும் வலக்கைக்கு வந்தது: சுட்டுவிரலும் நடுவிரலும் பாட்டுத்தந்திகளுக்கு, சிறுவிரல் தாளத்தந்திகளுக்கு.

அப்போதுதான் நகமா சதையா என்ற பூசல் கூர்மை பெற்றது. யாழின் நரம்பு மென்மையானது. வீணையின் உலோகத் தந்தி விரலை அறுக்கும். ஆகவே பலர் விரலில் கம்பி வளையம் மாட்டிக்கொண்டார்கள். ஒலி பெருகியது, கூடவே கம்பி உராயும் ஓசையும் வந்தது. வீணை தனம்மாள் (1867–1938) அந்த வளையத்தை ஏற்கவில்லை. வெறும் விரலால் மீட்டிய அந்தச் சன்னமான நாதத்தைக் கேட்க வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னையின் பெரும் இரசிகர்கள் அவர் வீட்டில் மூச்சடக்கி அமர்ந்திருந்தார்கள். அவைக்கு ஏற்ப ஒலியைக் கூட்டாமல், ஒலிக்கு ஏற்ப அவையைச் சுருக்கிக்கொண்டவர் அவர்.

இதே பூசல் ஐரோப்பாவிலும் நடந்தது. ஸ்பானியக் கிதார்க் கலைஞர் பெர்னாண்டோ சோர் (1778–1839) விரல்நுனிச் சதையால் மீட்டினார். அவர் நண்பர் தியோனிசியோ அகுவாடோ (1784–1849) நகத்தால் மீட்டினார். இருவரும் பாரிஸில் பழகினர். இருவரும் சேர்ந்து வாசிப்பதற்கென்று 'இரு நண்பர்கள்' என்ற இசைப்படைப்பை எழுதி, அதை அகுவாடோவுக்கே உரிமையாக்கினார் சோர். கொள்கை வேறுபட்டது, கச்சேரி நடந்தது. இருபதாம் நூற்றாண்டில் செகோவியா நகத்தையும் சதையையும் ஒருசேரப் பயன்படுத்தி உடன்பாடு கண்டார். குடல்நரம்புக்குப் பதிலாக நைலான் தந்தி வந்ததும் அவர் காலத்தில்தான். நம்மிடையே மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) இரட்டைத் தந்திகளை ஒற்றைத் தந்திகளாக்கி, எண்ணிக்கையை ஐந்தாக வைத்துக்கொண்டு, தகட்டால் மீட்டியே கமகத்தை வரவழைத்தார். கையை மட்டும் வருத்தாமல் கருவியையும் கைக்கேற்ப மாற்றியவர் அவர்.

ஆக, எது சரியான மீட்டல் என்பதற்குப் பொதுவிடை கிடையாது. நரம்பு எதனாலானது, இசைக்கு என்ன வேண்டும், கேட்பவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்ற மூன்றும் சேர்ந்து விரலின் வழியைத் தீர்மானிக்கின்றன. இந்த மூன்றில் ஒன்று மாறும்போதெல்லாம் கையும் மாறியிருக்கிறது.

ஆனால் கை மாறுவது ஒன்று, கை அறுந்துபோவது மற்றொன்று. சென்னையில் தருண் சேகர் போன்றோர் இன்று யாழை மீண்டும் செய்து வாசிக்க முனைகிறார்கள். மரத்துக்கும் அளவுக்கும் பாட்டும் சிற்பமும் உதவும். அள்ளல் என்றால் எந்த விரல் எவ்வளவு அழுத்தத்தில் அள்ள வேண்டும் என்பதை மட்டும் எந்த ஏடும் காட்டாது. அதை ஒருவர் கையைப் பார்த்தே மற்றொருவர் கற்றிருக்க வேண்டும். அந்தப் பார்வைத் தொடர் எங்கோ ஒரு தலைமுறையில் நின்றது. எட்டுச் சொற்கள் மட்டும் நம்மிடம் மிஞ்சியிருக்கின்றன. கிதாரோடு வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு அவற்றையேனும் சொல்லிவைப்போம். அந்தச் சொற்களுக்குரிய அசைவை அவன் விரல்கள் என்றேனும் தேடிப் பார்க்கக்கூடும்.