கட்லெட் செய்த கைகள்

சகோதரிகளே, கட்லெட்டுன்னா இப்ப நமக்கு உருளைக்கிழங்குதான். முன்னே அது விலா எலும்போட இருந்த கறித்துண்டு. நம்ம கோபாலபுரத்துக்குப் பக்கத்து மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸ், 1878-இல் கென்னி-ஹெர்பர்ட் என்ற வெள்ளைக்காரப் படை அதிகாரியின் சமையல் புத்தகத்தை வெளியிட்டது. அதில் மெட்ராஸ் சமையல்காரரை அவர் பொதுவாக 'ராமசாமி' என்றே சொல்கிறார். அடுப்படியில் வெந்தவங்களுக்குச் சொந்தப் பேரே இல்லையா, என்ன?

அந்தக் கைப்பக்குவம் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் இன்னும் இருக்கு. ராத்திரிக்குச் சட்டுனு செய்யலாம். எலும்பில்லாத பன்றிக்கறியை மெல்லிசாத் தட்டி, உப்பு, மிளகுத்தூள் தடவி, அடிச்ச முட்டையில் முக்கணும். ரஸ்க் தூளில் கொத்தமல்லி, புதினாவைப் பொடியா நறுக்கிக் கலந்து, கறியை அதில் புரட்டி, மிதமான தீயில் பொரிக்கணும். உள்ளே சிவப்பா இருந்தா இறக்காதீங்க, நாடாப்புழு பயம் உண்டு.