ஏரிக்கரை ஊரும் உப்பு மலையும்

ஓய்வு நாடி அயல்நாடு செல்வோர் பலர் ஏரிக்கரை ஊர்களையே விரும்பித் தேர்ந்தெடுக்கின்றனர். அத்தகைய ஊர்களுள் ஆஸ்திரியா நாட்டு ஹால்ஸ்டாட் பெரும்புகழ் பெற்றது. புகைவண்டி நிலையம் ஏரியின் கீழ்க்கரையில் இருக்கின்றது; ஊரோ எதிர்க்கரையில். எனவே புகைவண்டியில் வருவோர் படகேறியே ஊருக்குள் புகுகின்றனர். ஒருபுறம் 125 மீட்டர் வரை ஆழமுள்ள நீர். மறுபுறம் செங்குத்தான மலை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் மர வீடுகள் ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி நிற்பன போல் காட்சியளிக்கின்றன. பகற் கூட்டம் கலைந்த பின் அங்கே தங்குவோர்க்கு மாதா கோயில் மணியோசையும் அலையோசையுமே துணை. மனத்திற்கு இதனினும் இனிய ஓய்வு வேறில்லை.

மாணவ நண்பர்களே! உழுவதற்கு நிலமில்லாத இந்த இடுக்கில் மனிதர் ஏன் குடியேறினர்? அழகைக் கண்டு அமைபவன் பயணி. இவ்வினாவையும் எழுப்புபவன் வரலாற்று மாணவன். இதற்கு விடை ஒரே சொல்தான்: உப்பு.

ஊருக்கு மேலே, மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில், தொல்பழங்காலக் கடல் விட்டுச் சென்ற உப்புப் பாறை புதைந்து கிடக்கின்றது. குளிர்காலத்திற்கென இறைச்சியைப் பதப்படுத்தி வைக்க உப்பே கருவி. ஆதலால் அன்று உப்புடையோர் செல்வமுடையோர் ஆயினர். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே இங்கு மலையைக் குடைந்து உப்பு வெட்டினர். கி.மு. 1344ஆம் ஆண்டையொட்டி வெட்டிய மரங்களால் ஆன படிக்கட்டு ஒன்று 2003ஆம் ஆண்டில் சுரங்கத்துள் கண்டெடுக்கப்பட்டது. உப்பு எதனையும் அழுகவிடாது காக்குமன்றோ? தோற்பைகள், கம்பளித் துணித் துண்டுகள், விளக்காக எரித்த மரச் சிம்புகள் ஆகியனவும் கெடாமல் கிடைத்துள்ளன.

1846ஆம் ஆண்டில் சுரங்க அதிகாரி ராம்சவர் என்பவர் அங்கே ஒரு பழைய இடுகாட்டைக் கண்டார். 1863 வரை பொறுமையுடன் தோண்டி, ஆயிரத்திற்குச் சற்றுக் குறைவான கல்லறைகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் இருந்தவற்றை வண்ணப் படங்களாக வரைவித்தார். இரும்பு வாள்களும், வெண்கலக் கலங்களும், பால்டிக் கடற்கரையிலிருந்து வந்த அம்பர் மணிகளும், யானைத் தந்தமும் அவற்றுள் இருந்தன. உப்பு எவ்வளவு தொலைவு சென்று எத்தகைய செல்வத்தை ஈட்டி வந்தது என்பதற்கு இவையே சான்று. கி.மு. 800 முதல் 450 வரையிலான ஐரோப்பிய இரும்புக் காலம் இச்சிற்றூரின் பெயராலேயே வழங்குகின்றது.

ஆனால் அச்செல்வத்தைச் சுமந்தவர் யாவர்? இடுகாட்டு எலும்புகளை ஆராய்ந்தோர், சிறுவர் சிறுமியரின் கழுத்தெலும்புகளிலேயே சுமையால் வந்த தேய்மானத்தைக் கண்டனர். சிறுவர் அணியத்தக்க தோற்காலணியும் சுரங்கத்துள் கிடைத்தது. உங்களினும் இளையோர் பகலொளி புகாத குகையில் உழைத்தனர். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் பழமொழி. உப்பெடுத்தவரையும் நினைப்பதே முறை.

பிற்காலத்தில் உப்புநீரைக் காய்ச்ச விறகு போதாமற் போயிற்று. எனவே நீரையே விறகுள்ள இடத்திற்கு அனுப்ப முனைந்தனர். 1595இல் தொடங்கி 1607இல் முடித்த பணியால், துளையிட்ட மரங்கள் பதின்மூவாயிரத்தை இணைத்து, எபன்சே என்னும் ஊர் வரை 40 கிலோமீட்டர் தொலைவிற்குக் குழாய் அமைத்தனர். நிலத்தின் நெருக்கடியோ இறந்தோரையும் விடவில்லை. இடுகாட்டில் இடமின்மையால் சில ஆண்டுகளுக்குப் பின் எலும்புகளை எடுத்து, மண்டையோடுகளில் பெயரும் பூவேலையும் தீட்டி, சிற்றாலயத்தில் வரிசையாக வைத்தனர். அவ்வாறு தீட்டப்பட்டவை அறுநூற்றுக்கு மேல் உள்ளன. அவ்வூரார்க்கு அது அச்சம் தருவதன்று, அன்பின் அடையாளம்.

1890 வரை ஊருக்குச் சாலையே இல்லை. 1997இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2012இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இவ்வூரைப் போன்றே ஓர் ஊரைக் கட்டினர். எண்ணூறுக்கும் குறைந்த மக்கள் வாழும் இடத்திற்குச் சில நாட்களில் பதினாயிரம் பேர் வரை வந்து குவிந்தனர். 2023 ஆகஸ்டில் ஊரார் வழியை மறித்து நின்று, வருவோர் தொகைக்கு ஓர் எல்லை வேண்டுமென முழங்கினர். அமைதியைத் தேடி வருவோரே அவ்வமைதி குலையக் காரணமாயினர். எனினும் அவ்வருவாயினாலேயே பல குடும்பங்கள் வாழ்கின்றன. எனவே இச்சிக்கல் எளிதில் தீர்வதன்று.

இளைஞர்களே! நீங்களும் ஒருநாள் அயல்நாட்டு ஏரிக்கரையில் தங்கி இளைப்பாறக்கூடும். படமெடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடாதீர்கள். ஓரிரவேனும் தங்குங்கள், மலைமேல் ஏறிச் சுரங்கத்தைக் காணுங்கள், ஊராரின் வாயிற்படியை உங்கள் வீட்டு வாயிற்படி போல் மதியுங்கள். அழகிய ஊர் காட்சிப் பொருளன்று. பல தலைமுறையினர் உழைத்துக் கட்டிய குடியிருப்பு. அதனை உணர்ந்து செல்பவனே நல்ல விருந்தினன்.